சொன்னால் கேட்க மாட்டான்

முதலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம், அப்புறம் ஒருத்தரும் உட்கார மாட்டோம், நடுவில் ஒரே ஒரு பாட்டு வரும், அதற்கு எல்லோரும் அழுவோம், நீ பயந்துவிடாதே, அதற்கப்புறம் கூரை பறக்கும், கடைசியில் முடிந்தது என்று குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போவார்கள், அதை மட்டும் நம்பிவிடாதே என்று பக்கத்து வீட்டு நோரா கொடியில் துணி காயப்போட்டபடி சொல்லியிருந்தாள். பேச்சிக்கு இங்கிலீஷ் பாதி புரியும், மீதியைச் சொல்கிறவர் முகத்திலிருந்து எடுத்துக்கொள்வாள். நோராவுக்குத் தாராளமான முகம், அதனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. இப்போது கச்சேரியின் அந்த முதல் கொஞ்ச நேரம்தான் நடந்துகொண்டிருந்தது. அயர்லாந்தில் மழை பெய்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச்சுக்குப் பக்கத்து மண்டபம், நனைந்த கம்பளிக் கோட்டுகளிலிருந்து கிளம்பிய ஆட்டுவாடை. இந்த வாடைக்குக் கண்ணை மூடினால் ஆட்டுக்கிடை போட்ட வயல் மாதிரியே இருக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பேர்தானே தவிர, ஒருத்தர் காலும் உட்கார்ந்திருக்கவில்லை. கிழவர்கள், கிழவிகள், கன்னம் சிவந்த பெரிய ஆட்கள் எல்லோரும் இடுப்புக்கு மேலே சாமியார் மாதிரி அசையாமல் இருந்துகொண்டு பாதத்தால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஐந்து பேர். வயலின்காரப் பெண் ஒருத்தி, தகரத்தில் செய்த குட்டிக் குழலை ஊதுகிறவன் ஒருத்தன், கிதார்க்காரன் ஒருத்தன், அப்புறம் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினவர் மாதிரி ஒரு தோல்பையை இடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். அவர் முழங்கையால் அமுக்க அமுக்க அந்தப் பை கூவியது. ஓரத்தில் நோராவின் புருஷன் ஃபின்டன். மடியில் ஒரு வட்டத் தோல், பார்த்தால் நம்ம ஊர்த் தப்பு, ஆனால் தீயில் காய்ச்சுகிற வேலையெல்லாம் இல்லை, இரண்டு முனையும் உருண்ட ஒரு சின்னக் கட்டையை விரலுக்கிடையில் பிடித்து மாவு கலக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே விட்டிருந்த பாதையில், பலகைத் தரைமேல், பேச்சியின் மகன் கொம்பையா ஆடிக்கொண்டிருந்தான். முட்டியை மடக்கி மடக்கி, பின்னால் டயப்பர் பொதிமூட்டையாக ஆட, தாளம் தப்பாமல் ஆடினான். முன் வரிசைக் கிழவிகள் கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்தார்கள். "ஏட்டி, பாருட்டி, ஒரு தட்டு தப்பலை பாரு" என்று அவள் புருஷன் சங்கிலி போனை நீட்டிப் படம் பிடித்தபடியே முழங்கையால் அவளை இடித்தான். "கேக்குதுட்டி அவனுக்கு. நல்லாக் கேக்குது. செவ்வாக்கிழமை அந்த டாக்டரம்மாகிட்ட வாயே தொறக்க மாட்டேன், இந்த வீடியோவை மட்டும் காட்டுதேன்."

செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் காது சோதனை. வீடு வீடாக வந்து சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப்போகிற நர்சம்மாதான் ஏற்பாடு செய்திருந்தாள், இரண்டரை வயசாகியும் வாயில் அம்மா என்று ஒரு சொல் வரவில்லையே என்று. வந்தவள் கேட்டதை நினைத்தால் பேச்சிக்கு இப்போதும் நெஞ்சுக்குள் ஒரு முள் அசையும். நீங்கள் இருவரும் உறவா என்று கேட்டாள். அடடா, நம்ம வழக்கமெல்லாம் தெரிந்திருக்கே என்று சந்தோஷப்பட்டு, ஆமா ஆமா, சொந்த அத்தை மகன், எங்க அப்பா கூடப் பிறந்த அக்கா மகன், பிறந்தன்னைக்கே பேசி வச்சது என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் செலவழித்துச் சொன்னாள். நர்சம்மாவின் பேனா நின்றது. நின்று, மறுபடியும் ஓடியது. அந்த நின்ற பேனாவைச் சங்கிலியிடம் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்ல. ஊரில் இருந்தவரைக்கும் இதற்குப் பேரே வேறு. சொன்னா கேக்க மாட்டான். பிள்ளை எப்படி இருக்கான் என்று யார் கேட்டாலும் இதுதான் பதில், சிரித்துக்கொண்டே. எலேய் கொம்பையா, அடுப்புக்கிட்ட போகாதலே என்றால் போவான், சொன்னா கேக்க மாட்டான். வாலே சோறு திங்க என்றால் திரும்பிப் பார்க்க மாட்டான், சொன்னா கேக்க மாட்டான். அத்தைக்கு அதில் பெருமை வேறு. "எங்க வீட்டு ஆம்பளை எவன்ட்டி சொன்ன பேச்சு கேட்டிருக்கான்? இவன் தாத்தன் தாசில்தார் சொல்லியே கேக்கலை" என்பாள். தீபாவளிக்குத் தெருவே அதிர வெடித்தபோது தொட்டிலில் தூங்கினான், நெஞ்சுரம் உள்ள பிள்ளை என்றார்கள். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து ரிஷ்வந்த் என்று ஒரு பேர், தாத்தா பேர் கொம்பையா என்று ஒரு பேர், இப்படி ரெண்டு பேரை வைத்துக் கூப்பிட்டால் பச்சப்பிள்ளை எதுக்குத்தான் திரும்பும் என்று பெரியம்மா ஒருத்தி நியாயம் சொன்னாள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. இப்போது நினைத்தால் அந்தச் சொல்லின்மேல்தான் ஆத்திரம் வருகிறது. காதில் விழுவதும் கேட்பது, சொன்னபடி நடப்பதும் கேட்பது, வேணும் என்று கையை நீட்டுவதும் கேட்பது. ஒரு சொல்லுக்குள் மூன்று அறை கட்டி வைத்திருக்கிறோம், அதில் எந்த அறைக்குள் போய் நம்ம பிள்ளை ஒளிந்துகொண்டான் என்று யாருமே தேடவில்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்த பிறகு திரும்ப ஆரம்பித்தானே. அதுதானே சங்கிலியின் வாதம். வேலை முடிந்து சங்கிலி வாசலுக்கு வந்தால் போதும், விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளை விசுக்கென்று எழுந்து கதவுக்கு ஓடுவான். அடுப்படியிலிருந்து லேய் என்று கூப்பிட்டுக்கொண்டே பேச்சி வந்தால் திரும்பிச் சிரிப்பான். இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிட்டுது, காதும் தொறந்துக்கிட்டுது என்று சங்கிலி ஊருக்குப் போன் போட்டுச் சொல்லி, அத்தை குலசாமிக்குக் கிடா நேர்ந்தாள்.

வயலின்காரப் பெண் இரண்டு பாட்டுக்கு நடுவே என்னமோ சொல்லப்போக மண்டபம் குலுங்கியது. நோரா குனிந்து பேச்சியின் காதில், "அடுத்தது மாமியாரைப் பற்றின பாட்டாம். ஒருதரம் ஆரம்பித்தால் நிற்காதாம்" என்றாள். பேச்சி பலமாகச் சிரித்தாள், அத்தை முகம் வந்து போனது. ஆரம்பித்தார்கள். அது உண்மையிலேயே நிற்கவில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூச்சுவிடாமல் தாவியது, ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் கூடியது, நோரா சொன்ன இரண்டாம் பாகம் வந்துவிட்டது, நாற்காலிகள் கிறீச்சிட ஆட்கள் எழுந்தார்கள். எருமைக்கடா மாதிரி ஒருத்தன் தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே பின்பக்கமாக வர, அவன் பூட்ஸ் கொம்பையாவின் பக்கத்தில் வந்து விழுந்தது. ஐயோ என்று பேச்சி பாய்ந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூக்கினதும் ஆட்டம் நின்றது. களைத்துவிட்டான் போல என்று நினைத்தாள். அவன் அவள் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, விளக்குகளையும் ஆட்களின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் ஊ, ஓ, ஹேய் என்று கத்தினார்கள், மொட்டையான கத்தல், சுதி கிடையாது. ஒரு கொண்டாட்டத்துக்கு இவ்வளவுதானா கத்தத் தெரியும் இவர்களுக்கு. கோயில் கொடைக்குச் சாமி புறப்படும்போது பெண்டுகள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டால் சாமியே ஒரு அடி பின்னால் நகருமே. பேச்சி யோசிக்கவில்லை. சந்தோஷம் தொண்டைவரைக்கும் வந்து நின்றிருந்தது, பிள்ளைக்குக் கேக்குது, தாளம் தப்பாமல் ஆடுதான், இன்னும் என்ன வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்துப் போட்டாள் ஒரு குலவை. வயலினையும் தோல்பையையும் கிழித்துக்கொண்டு போனது அது. மண்டபமே திரும்பியது. சுற்றிக்கொண்டிருந்தவன் நின்றான், முன் வரிசைக் கிழவி ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள், எங்கிருந்தோ ஒரு ஆள், "ஃபின்டன், அந்தப் பெண்ணைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள், உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்!" என்று கத்த எல்லோரும் கைதட்டினார்கள். அவள் வாய்க்கு ஒரு விரற்கடை தள்ளி, அவள் இடுப்பில், காது இருந்தது. கொம்பையாவின் காது. அவன் திடுக்கிடவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. அவள் வாய்க்குள் என்னமோ வேகமாக ஆடுகிறதே என்று ஆச்சரியமாகப் பார்த்தான், பார்த்துவிட்டு ஆள்காட்டி விரலை நீட்டி அவள் நாக்கைத் தொட்டான்.

இறக்கிவிட்டாள். கால் பலகையில் பட்டதும் முட்டி மடங்கியது, ஆடினான். தூக்கினாள். நின்றுவிட்டான். கூட்டம் மிதித்துவிடும் என்று தூக்குகிறவள் மாதிரியும், இடுப்பு வலிக்கிறது என்று இறக்குகிறவள் மாதிரியும் பாவனை காட்டிக்கொண்டு மறுபடியும் இறக்கினாள், ஆடினான், மறுபடியும் தூக்கினாள், நின்றான். தண்ணீர்க்குழாயைத் திறந்து மூடுவது மாதிரி இருந்தது. அவளுக்குத் தன் கால் தெரிந்தது அப்போதுதான். செருப்பைத் தாண்டி, உள்ளங்காலைத் தாண்டி, முழங்கால்வரைக்கும் ஏறி வந்துகொண்டிருந்தது அந்த அதிர்வு, அத்தனை பேர் மிதியும் பலகை வழியாக. இத்தனை நேரமும் காது முந்திக்கொண்டதில் கால் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அவனுக்குக் கால் மட்டும்தான் இருந்திருக்கிறது. அடிப்பாவி, அடிப்பாவி, என்று யாரை வைகிறோம் என்றே தெரியாமல் மனசு வைதது. வாசலுக்குச் சங்கிலி வந்ததும் எழுந்து ஓடுவானே, அது. அது அவன் பூட்ஸ். வாசலிலேயே மண்ணை உதறத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவான், வீடு முழுக்கப் பலகை, தட்டு பிள்ளையின் காலுக்கு வந்துவிடும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவானே. கூப்பிட்டுக்கொண்டு சும்மா நிற்கிறவளா அவள், தங்குதங்கு என்று நடந்து வருகிறவள்தானே, திரும்பினது நடைக்கு. துணி துவைக்கிற மெஷின் சுற்றினால் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு சிரிப்பானே, பாட்டு மாதிரி இருக்கு போல என்றாளே இவள், அதுவும் போச்சு. ஊரில் ஏன் திரும்பவில்லை, ஊரில் சிமென்ட் தரை. கொடையில் மேளக்காரர் மடியில் உட்கார வைத்தபோது மேளத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு சிரித்தானே, சாமி அருள் என்றார்களே. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தாள், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, கடைசியில் முறத்தில் அரிசியே இல்லை, எல்லாம் கல். பிறந்ததிலிருந்து நேற்று ராத்திரிவரைக்கும் அவள் பாடின ஆராரோ. மூக்கைச் சிந்திக்கொண்டு, கதை கட்டி, அத்தையைக் கிண்டல் பண்ணி, தெருவில் போகிற நாயை எல்லாம் இழுத்துவைத்து இஷ்டத்துக்குப் பாடுவாளே, அவன் அவள் கழுத்துக்குழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தூங்குவானே. கையை எடுத்தால் விழித்துக்கொள்வான். அம்மாச்செல்லம் என்று நினைத்தாள். அது செல்லமில்லை. கையால் கேட்டிருக்கிறான்.

"ஏன்ட்டி ஒரு மாதிரி ஆயிட்டே?" என்று சங்கிலி கேட்டான். "ஒண்ணுமில்லத்தான், குலவை போட்டதுல தொண்டை கட்டிக்கிட்டுது" என்றாள். "போட்டே பாரு ஒரு குலவை! நாளைக்கு ஷெட்டுல ஒரு பயலும் வேலை பாக்க மாட்டான், உன் பேச்சாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு மறுபடியும் போனைத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லாரி மெக்கானிக். காதால் சோறு தின்கிற மனுஷன். ஓடுகிற எஞ்சினில் நீள ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கண்ணை மூடுவான், மூன்றாவது சிலிண்டர் இருமுது என்பான், பிரித்தால் அப்படியே இருக்கும். ஃபின்டனே அதைப் பார்த்து அசந்து போய்த்தான் சிநேகிதமானான். ஒரு நாள் பிள்ளையை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் அதேபோல் பிடியை அவன் காதோரம் வைத்தபோது கொம்பையா கெக்கெக்கே என்று சிரித்தானாம், வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினான், என் தொழிலுக்கு வாரிசு வந்தாச்சுட்டி என்று. அதுவும் எலும்பு. அதுவும் அதிர்வு. இந்த மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது. சொல்ல வேண்டாம். அவள் காரியக்காரி, கணக்காக யோசித்தாள். இன்றைக்கு ஞாயிறு. செவ்வாய்க்கிழமை அந்த டாக்டரம்மா சொல்லட்டும். படித்தவர்கள் வாயால் வந்தால் அதற்குப் பக்கத்திலேயே மருந்தோ மெஷினோ ஆபரேஷனோ ஏதோ ஒன்றும் வரும், நம்ம வாயால் சொன்னால் வெறும் அடி மட்டும்தான். அதுவரைக்கும் அவனுக்கு இந்த வீடியோ இருக்கட்டும். இரண்டு நாளைக்கு ஒரு மனுஷன் சந்தோஷமாக இருந்தால் யாருக்கு நட்டம். அப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது, வந்த மூச்சிலேயே நர்சம்மாவின் பேனா மறுபடியும் வந்து நின்றது, உறவா, உறவா, சொந்த அத்தை மகன், பிறந்தன்னைக்கே பேசி வச்சது. அப்படியென்றால் நானா. நாங்கள் இரண்டு பேருமா. அவன்மேல் ஆசைப்பட்டதா. பாவாடை கட்டுகிற வயசிலேயே அத்தான் சைக்கிள் மணி எந்தத் தெருவில் அடித்தாலும் காது அங்கே போய்விடுமே, அந்தக் காதுக்கா தண்டனை.

அப்போது அந்தப் பாட்டு வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஃபின்டன் தோலைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டான். கோழிக்காரப் பெரியவர் மட்டும் பையை மெல்ல அமுக்கினார், அதன்மேல் வயலின்காரப் பெண் வயலினை மடியில் போட்டுவிட்டு வெறும் குரலில் பாடினாள். ஒரு காலும் அசையவில்லை. தரை தூங்கிவிட்டது. "இது என்ன பாட்டு?" என்று பேச்சி மெல்லக் கேட்டாள். "எங்கள் பழைய பாஷை. எனக்கே முழுக்க அர்த்தம் தெரியாது" என்றாள் நோரா. "பிறகு ஏன் அழுகிறாய்?" "தெரியவில்லையே, அதற்குத்தான்" என்று நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சுற்றிலும் கைக்குட்டைகள் வெளியே வந்தன. எருமைக்கடா மாதிரி இருந்த அந்த ஆள் வெட்கமே இல்லாமல் மூக்கை உறிஞ்சினான். நல்ல ஊரு. அழுகைக்கு என்று ஒரு இடம் ஒதுக்கி, முன்கூட்டியே சொல்லிவைத்து, எல்லோரும் சேர்ந்து அழுகிற ஊரு. பேச்சி அழுதாள். என்ன ஏது என்று ஒருத்தரும் கேட்காத அழுகை, வசதியான அழுகை, ஒரு வருஷத்து அழுகையை அங்கேயே அழுது தீர்த்துவிடலாம் என்பதுபோல் அழுதாள். சங்கிலிகூடத் தன் பங்குக்குக் கண்ணைக் கசக்கிவிட்டு, "நல்லாத்தான்ட்டி படிக்கா" என்றான். அந்த அமைதிக்கு நடுவே, செத்துப்போன தரையில் நின்றுகொண்டு, என்ன ஆயிற்று எல்லோருக்கும் என்று சுற்றுமுற்றும் பார்த்த கொம்பையா குரலெடுத்தான். ஆ என்று நீளமாக, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பாடுகிற பெண்ணின் குரலுக்குக் குறுக்கே அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு கிழவி உதட்டில் விரலை வைத்து அவனைப் பார்த்து ஷ் என்றாள், கோபமாக இல்லை, செல்லமாகத்தான். அவன் அந்த விரலைப் பார்த்தான், தானும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டான், வைத்துக்கொண்டே ஆ என்றான். சிரிப்பு பரவியது. "எசப்பாட்டு படிக்கான் பாரு" என்று சங்கிலி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். பெருமையில் அவன் கை சூடாக இருந்தது. பேச்சிக்கு எழுந்துபோய் பிள்ளையின் வாயைப் பொத்த வேண்டும் போலவும் இருந்தது, அந்த ஆ எத்தனை நேரம் போகும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. அவன் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாதே. பேச்சி என்று எனக்குப் பேர் வைத்தவர்கள் வாயைக் கழுவ வேண்டும். வாய் ஓயாமல் பேசுகிறவள் வயிற்றில் இப்படியா. ஒரு நாளில் எத்தனை பேசுகிறேன் இவனிடம். பல்லு விளக்குலே ராசா, கத்திரிக்காய்க்கு வலிக்குமாலே, இந்தா நிலாவுக்குச் சளி பிடிச்சிருக்கு பாரு. இத்தனையும் யாரிடம் பேசினேன்.

பாட்டு முடிந்தது, கைதட்டல் முடிவதற்குள் ஃபின்டன் தோலைத் தூக்கி ஒரு அடி போட்டான், கூரை பறக்கிற பாகம். தரை விழித்துக்கொண்டது. பிள்ளைக்கும் உயிர் வந்தது, விரலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு முட்டியை மடக்கினான். வரிசை வரிசையாகக் கைகோத்துக்கொண்டு திமுதிமுவென்று ஆடினார்கள், நோரா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள், பேச்சியையும் இழுத்தாள், பேச்சி மாட்டேன் என்றாள், இத்தனை நாளில் அவள் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை என்பதால் நோரா ஒரு நொடி நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். முடிந்தது என்று ஐந்து பேரும் குனிந்து வணங்கினார்கள். உள்ளே போனார்கள். ஒருத்தரும் கோட்டை எடுக்கவில்லை. எல்லோரும் தரையை மிதித்தார்கள், ஒரே சீராக, வெளியே வா வெளியே வா என்று கேட்கிற மிதி, கை தட்டுகிறதைவிட இது பெரிதாக இருந்தது. கொம்பையா கண்ணை அகல விரித்து, இரண்டு கையையும் தூக்கி, இவ்வளவு பெரிய சத்தத்தை வாழ்க்கையிலேயே கேட்டதில்லை என்கிற மாதிரி நின்றான். அவர்கள் வந்தார்கள். இதுவரை வாசித்த எல்லாவற்றையும்விட வேகமாக ஒன்றைத் தொடங்கினார்கள். சங்கிலி போனை அவள் கையில் திணித்தான். "நீ பிடி. நான் இவனைத் தோள்ல வச்சு ஆடுதேன், அவனுக்கும் மேடை தெரியட்டும்."

"வேண்டாத்தான்" என்றாள் பேச்சி.

"ஏன்?"

"கீழேயே ஆடட்டும். கீழேயே விடுங்க. நல்லாத்தான ஆடுதான்."

"மிதிச்சிருவானுவட்டி" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டான். அவள் போனைப் பிடித்திருந்தாள், அது ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் சங்கிலி குதித்தான், கையை ஆட்டினான், எலேய் ஆடுலே என்று மேலே பார்த்துக் கத்தினான். அவன் கழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கால்கள் தொங்கின. அசையாமல் தொங்கின. சங்கிலி இன்னொருதரம் குதித்தான். அப்புறம் குதிப்பதை நிறுத்தினான். தோளில் இருக்கிற கனம் அவனுக்குத் தெரியும், எந்தக் கனத்துக்குள் எது ஓடுகிறது, எது நின்றுபோய்விட்டது என்று தெரிந்துகொள்வதுதானே அவன் பிழைப்பு. வேண்டாம், வேண்டாம், செவ்வாய்க்கிழமை இருக்கே என்று பேச்சி போனைப் பார்த்து முணுமுணுத்தாள். அவன் பிள்ளையை இறக்கினான். கால் பலகையில் பட்டது, முட்டி மடங்கியது. கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கினான். கையில் ஏந்தித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான், எஞ்சின் பக்கத்தில் சாய்ப்பானே அதேபோல. மறுபடியும் இறக்கினான். ஆட்டம். தூக்கினான். அவள் செய்த எல்லாவற்றையும் அவள் செய்த வரிசையிலேயே அவன் செய்துகொண்டிருந்தான், போனுக்குள், உள்ளங்கை அகலத்தில். அவள் போனை இறக்கிவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். அவனும் பார்த்தான். மண்டபமே அதிர்கிறது, அவன் வாய் அசைகிறது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்தது. உனக்குத் தெரியுமா என்றது அந்த வாய். அவள் என்ன சொன்னாலும் அவனுக்கும் கேட்காது. ஆமாம் என்று தலையை அசைத்தாள். பதினைந்து வயசிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிற இரண்டு பேரும் முதல்முறையாகச் சத்தமில்லாமல் ஒன்றைப் பேசி முடித்தார்கள்.

அவன் கையிலிருந்த பிள்ளை நெளிந்தது. உடம்பை வில்லாக வளைத்து, இரண்டு கையையும் தரையைப் பார்த்து நீட்டி, விரல்களை மூடி மூடித் திறந்தது. சங்கிலிக்கு அது கண்ணில் படவில்லை, அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான், மேடைக்கும் சுவருக்கும் மழைக்கும் அந்தப் பக்கம். பேச்சி ஆட்களை விலக்கிக்கொண்டு கிட்டப் போனாள். எட்டி அவன் காதில் வாயை வைத்தாள்.

"இறக்கி விடச் சொல்லிக் கேக்கான்த்தான்" என்றாள். அவனுக்கு விளங்கியதா தெரியவில்லை. இன்னொருதரம், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "பாருங்க. கேக்கான்."

சங்கிலி பிள்ளையை இறக்கிவிட்டான். இறக்கினவன் நிமிரவில்லை. அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, எண்ணெய்க்கறை போகாத உள்ளங்கையை விரித்துப் பலகையின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினான்.